மலைப்பாதையில் இழுவைப் பெட்டி: அதற்கேற்ற வண்டியைத் தெரிந்தெடுத்தல்

மலைநாட்டுக் கமக்காரருக்கு விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறு பாதி. கந்தப்பளை, இராகலை, மீப்பிலிமானை முதலிய இடங்களில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு பயிரிடுவோரும், வலப்பனை, ஹங்குரன்கெத்தை, கொத்மலைப் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போரும் இதனை நன்கு அறிவர். வயலிலிருந்து பெருந்தெருவரை உள்ள இரண்டு மூன்று மைல் ஏற்ற இறக்கமே பல சமயங்களில் இலாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிக்கின்றது.

ஆகவே நம்மவர் பலர், தனித்தோ கூட்டாகச் சேர்ந்தோ, றெயிலர் என்று வழங்கும் இழுவைப் பெட்டி ஒன்றை வாங்குகின்றனர். பெட்டியை வாங்கிய பின்னரே, அதை எதில் பூட்டுவது என்று யோசிக்கின்றனர். வீட்டில் நிற்கும் வண்டி எதுவோ அதிலே பூட்டிவிடுகின்றனர். இது முறையன்று. மாட்டை அறியாமல் வண்டியைச் செய்வித்த கதையாக இது முடியும். இழுக்கும் வண்டி, பெட்டி, பாரம், பாதை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அப்பொருத்தத்தைக் காணும் வழிகளை இப்பிரசுரம் விளக்குகின்றது.

நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மககஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தகைய பந்தயங்களுக்கென, கார்களைச் சக்கரத் தட்டுகளில் ஏற்றி, ஜீப்பிலோ கெப் வண்டியிலோ பூட்டி மலையேற்றி வருவதுண்டு. ஒரு காரைத் தட்டில் ஏற்றி இழுப்பதும், ஒரு நெல் அறுவடை யந்திரத்தையோ இருபது மூடை கிழங்கையோ இழுப்பதும் கணக்கில் ஒன்றே. ஆதலால் இங்கே காரையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. இழுப்பதன்று, நிறுத்துவதே பரீட்சை

வண்டி வாங்கச் செல்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, "இது ஏற்றத்தில் இழுக்குமா?" என்பதாகும். அதனினும் முந்திக் கேட்க வேண்டிய கேள்வி, "இது இறக்கத்தில் நிறுத்துமா?" என்பதே. ஏற்றத்தில் வலுக் குறைந்த வண்டி நின்றுவிடும். நேரமும் எரிபொருளும் வீணாகும். இறக்கத்தில் பிறேக் வலுக் குறைந்த வண்டி நிற்காது, உயிர் போகும்.

2023ஆம் ஆண்டு சனவரி 20ஆந் தேதி நானுஓயாவை அடுத்த ரதெல்ல இறக்கத்தில் பஸ் ஒன்று வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் எழுவர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆந் தேதி கொத்மலை கரண்டிஎல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை இழுவைப் பெட்டி பூட்டிய வண்டிகளல்ல. ஆயினும் நாம் தினந்தோறும் பாரத்துடன் செல்லும் பாதைகள் எத்தகையன என்பதை இவை நினைவூட்டுகின்றன.

2. முதலாவது: பாரத்தை நிறுத்தறிதல்

"ஒரு பெட்டி கோவா" என்பது நிறையாகாது. பெட்டியின் வெறும் நிறை, அதில் ஏற்றும் பொருளின் நிறை, இழுக்கும் வண்டியின் நிறை, ஓட்டுபவரின் நிறை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கூட்ட வேண்டும். வண்டியின் நிறை பதிவுப் புத்தகத்திலே காணப்படும். அவ்வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்கலாம் என்பதை உற்பத்தியாளர் தரும் கைந்நூலிலோ வண்டியில் பதித்த தகட்டிலோ காணலாம். அந்த எல்லையை எக்காரணங்கொண்டும் மீறலாகாது.

இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாம் உதாரணம்: 1,900 கிலோ நிறையுள்ள கெப் வண்டி, 500 கிலோ நிறையுள்ள சக்கரத் தட்டு, அதன்மேல் 1,000 கிலோ நிறையுள்ள கார். மொத்தம் 3,400 கிலோ.

இரண்டாம் உதாரணம்: 400 கிலோ நிறையுள்ள இரு சக்கர உழவு யந்திரம், 300 கிலோ நிறையுள்ள பெட்டி, 50 கிலோ மூடைகள் இருபது, அதாவது 1,000 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ. மொத்தம் 1,770 கிலோ.

இவ்விரண்டையும் ஒப்பிடுக. முதலாம் உதாரணத்தில் தட்டும் காரும் சேர்ந்து 1,500 கிலோ. இழுக்கும் வண்டி அதனிலும் பாரமானது. இரண்டாவதில் பெட்டியும் மூடையும் 1,300 கிலோ. இழுக்கும் யந்திரமோ அதன் மூன்றில் ஒரு பங்குதான். எலி யானையைக் கட்டியிழுப்பது போன்றது இது. சமநிலத்தில் இக்குறை தோன்றாது, மலையில் தோன்றும்.

பொதுவிதி யாதெனில்: மலைப்பாதையில் கார், வேன், கெப், ஜீப் முதலியன இழுக்கும் பெட்டியின் மொத்தப் பாரம், இழுக்கும் வண்டியின் வெறும் நிறையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டாதிருப்பது நன்று. மேலே கூறிய கெப் வண்டிக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 1,600 கிலோவாகும். கார் ஏற்றிய தட்டு 1,500 கிலோவாதலால் இவ்வெல்லைக்குள் அடங்குகின்றது.

3. இரண்டாவது: பாதையின் சரிவை அளத்தல்

சரிவைக் கண்ணால் மதிப்பது ஏமாற்றந் தரும். ஒரு மீற்றர் நீளமான நேர்ப் பலகையையும், கொத்தனார் வைத்திருக்கும் மட்டக் கருவியையும் எடுத்துக்கொண்டு பாதையின் மிகச் செங்குத்தான இடத்துக்குச் செல்க. பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்தில் நிலத்தில் வைத்து, மறு முனையை மட்டம் வரும்வரை உயர்த்துக. அம்முனைக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்து பார்க்க. உயரம் 5 சென்ரிமீற்றராயின் சரிவு 20க்கு 1. 10 சென்ரிமீற்றராயின் 10க்கு 1. பன்னிரண்டரைச் சென்ரிமீற்றராயின் 8க்கு 1.

கொழும்பு கண்டிப் புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, கடுகண்ணாவை மலையேற்றம் 45க்கு 1 என்ற சரிவிலேயே அமைக்கப்பட்டது. அவ்வளவு மெல்லிய ஏற்றத்துக்கே பாரமான வண்டித்தொடர்களுக்கு இரண்டாவது எஞ்சினின் உதவி வேண்டியிருந்தது. நமது தோட்டப் பாதைகளிலோ 10க்கு 1, 8க்கு 1 என்ற சரிவுகள் சாதாரணம். புகையிரத எஞ்சினியர்கள் கணக்கிட்டு அஞ்சிய இடத்தில், நாம் கணக்கிடாமல் துணிவது அறிவுடைமையாகாது.

4. மூன்றாவது: இழுவிசைக் கணக்கு

கணக்கு இலகுவானது. மொத்த நிறையைச் சரிவின் எண்ணால் வகுத்தால், ஏற்றத்துக்கு வேண்டிய இழுவை கிடைக்கும். அதனோடு சக்கரங்கள் உருள்வதற்கு வேண்டிய இழுவையையும் கூட்ட வேண்டும். அது நல்ல தார் வீதியில் மொத்த நிறையின் ஐம்பதில் ஒரு பங்கு. கரடான கல் வீதியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாம் உதாரணத்தில் 8க்கு 1 சரிவுள்ள கல் வீதியில்: 3,400ஐ 8ஆல் வகுக்க 425. 25ஆல் வகுக்க 136. மொத்தம் 561 கிலோ இழுவை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 4.17 மீற்றர் வேகத்தில் ஏறுவதாயின், 561ஐ 4.17ஆல் பெருக்கி 75ஆல் வகுக்க, சக்கரத்தில் ஏறத்தாழ 31 குதிரைவலு வேண்டும். கியர் முதலியவற்றில் வீணாவதையும் சேர்த்து எஞ்சினில் 38 குதிரைவலு வேண்டும்.

இங்கே உயரத்தையும் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்று நலிவடைகின்றது. டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வலுவை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அவ்வெஞ்சின் நூறில் பதினெட்டுப் பங்கு வலுவை இழந்துவிடும். டர்போ உள்ள எஞ்சினுக்கு இவ்விழப்பு மிகக் குறைவு. ஆகவே நமது உதாரணத்துக்கு, புத்தகத்தில் குறித்துள்ளபடி 46 அல்லது 47 குதிரைவலுவாவது வேண்டும். இன்றைய டீசல் கெப் வண்டிகளில் இதனிலும் மிகுந்த வலு உண்டு. எனவே எஞ்சின் வலு இங்கே பெருந்தடையன்று. நாம் ஆராய வேண்டியவை டயரின் பிடியும் பிறேக்கின் வலுவுமேயாகும்.

இரண்டாம் உதாரணத்தில்: 1,770ஐ 8ஆல் வகுக்க 221, 25ஆல் வகுக்க 71. மொத்தம் 292 கிலோ இழுவை. பத்துக் குதிரைவலு எஞ்சின், உயரத்தாலும் கியராலும் இழப்பது போக, மெல்ல நடக்கும் வேகத்தில் இதை இழுத்துவிடும். ஆனால் சக்கரம் பிடிக்குமா? யந்திரத்தின் நிறையும், பெட்டியின் முன்பாரமாக அதன்மேல் விழும் 150 கிலோவும் சேர்ந்து 550 கிலோ சக்கரங்களில் அமர்கின்றது. காய்ந்த தாரில் அதன் பத்தில் ஏழு பங்கு, அதாவது 385 கிலோ வரையில் பிடி கிடைக்கும், யந்திரம் ஏறிவிடும். நனைந்த மண்ணில் பத்தில் நான்கு பங்கு, அதாவது 220 கிலோ பிடிதான் கிடைக்கும்; வேண்டியதோ 292. சக்கரம் சுழலும், யந்திரம் பின்னே வழுக்கும். "நேற்று ஏறியது, இன்று ஏறவில்லை" என்று சிலர் எஞ்சினைக் குறை கூறுவதன் காரணம் இதுவே. குறை எஞ்சினில் இல்லை. இரவு பெய்த மழையில் உள்ளது. அத்தகைய நாளில் மூடைகளை இரண்டு நடையாகப் பிரித்து ஏற்றுவதே செய்யத்தக்கது.

5. நான்காவது: இறக்கமும் வெப்பமும்

மலையில் ஏற்றிய பாரம் கீழே வரும்போது, அதன் விசை முழுவதும் எங்கேயாவது செலவழிய வேண்டும். பிறேக்கை மட்டும் மிதித்து வந்தால் அது பிறேக்கில் வெப்பமாக மாறும். நமது 3,400 கிலோ வண்டித்தொடர் 300 மீற்றர் உயரம் இறங்கும்போது உண்டாகும் வெப்பம், ஏறத்தாழ 30 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கண்டிக்குச் செல்பவர் 1,300 மீற்றருக்கும் மேல் இறங்குகிறார். இது நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பமாகும்.

வெப்பம் மிகுந்தால் பிறேக் கட்டைகள் பிடி இழக்கும். பிறேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதி தளர்ந்து அடிவரை செல்லும். பழைய பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் அது இன்னும் விரைவிற் கொதிக்கும். ஆதலால் பாரம் இழுக்கும் வண்டியின் பிறேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுதல் அவசியம்.

இவ்வெப்பத்தைக் குறைக்கும் வழி எஞ்சினையே தடையாக உபயோகித்தல் ஆகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குக. கியரை நியூற்றலில் விட்டு இறங்குதல் தற்கொலைக்கு ஒப்பாகும். எரிபொருள் மிச்சம் என்று எண்ணி அவ்வாறு செய்வோர், மிச்சம் பிடித்ததைப் போல் பன்மடங்கு இழப்பர்.

6. வண்டிகளின் குணங்குற்றங்கள்

(அ) இரு சக்கர உழவு யந்திரம்

லாண்ட்மாஸ்டர் என்றும் பலர் சொல்லும் இவ்யந்திரம் சிறு வயலுக்கும் ஒடுங்கிய பாத்திக்கும் ஏற்றது. விலையும் எரிபொருட் செலவும் குறைவு. ஆனால் மலையிறக்கத்தில் இதற்கு ஒரு பெருங்குற்றம் உண்டு. அதனை ஒவ்வொரு கமக்காரரும், அவர் மகனும் தெரிந்திருத்தல் வேண்டும்.

கைப்பிடியில் இரு கிளச்சுகள் உள்ள யந்திரத்தில், இடப்புறம் திரும்ப இடக் கிளச்சை அழுத்துகிறோம். அப்போது இடச் சக்கரத்துக்கு விசை நின்றுவிட, வலச் சக்கரம் தள்ளிக்கொண்டு செல்ல, யந்திரம் இடப்புறம் திரும்புகின்றது. சமநிலத்திலும் ஏற்றத்திலும் இது சரி. இறக்கத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே பெட்டியின் பாரம் யந்திரத்தைத் தள்ளுகின்றது. எஞ்சினோ சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கின்றது. இடக் கிளச்சை அழுத்தியதும் இடச் சக்கரம் பிடிவிட்டு வேகமாய் உருளும். வலச் சக்கரம் பிடிபட்டிருக்கும். ஆகவே யந்திரம் வலப்புறம் திரும்பிவிடும். அதாவது, மலைப்பக்கம் திரும்ப நினைத்தவர் பள்ளத்துப் பக்கம் திரும்புவார்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், வயலில் ஐந்து வருடம் இவ்யந்திரத்தைப் பழுதின்றி ஓட்டியவர். ஒரு நாள் லீக்ஸ் ஏற்றிய பெட்டியுடன் தோட்டப் பாதையில் இறங்கும்போது வளைவில் வழக்கம்போலக் கிளச்சை அழுத்தினார். யந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பித் தேயிலை மலையில் உருண்டது. அவர் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அந்தப் போகத்து அறுவடை முழுவதும் வயலிலே வீணாயிற்று. "நான் சரியாகத்தானே அழுத்தினேன்" என்பதே அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை. அவர் சொன்னது உண்மை. வயலுக்குச் சரியானதை அவர் செய்தார்; இறக்கத்துக்கு அது சரியன்று என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. இப்பிரசுரத்தை எழுதத் தூண்டியதும் அந்நிகழ்ச்சியே.

ஆகவே இறக்கத்தில் பக்கக் கிளச்சுகளைத் தொடவே கூடாது. மிகத் தாழ்ந்த கியரில், நடக்கும் வேகத்தில், கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். பெட்டியின் சக்கரங்களுக்குக் காற்பிறேக் இருத்தல் கட்டாயம். செங்குத்தான நீண்ட இறக்கங்கள் உள்ள பாதைக்கு இவ்யந்திரத்தை இழுக்கும் வண்டியாகத் தெரிந்தெடுக்கலாகாது.

(ஆ) நான்கு சக்கர உழவு யந்திரம்

தோட்டங்களில் கொழுந்து இழுப்பதற்கு இதனைப் பெரிதும் உபயோகிக்கின்றனர். நிறையும் தாழ்ந்த கியர்களும் உள்ளதால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் உறுதியானது. ஆயினும் மூன்று விஷயங்களை அவதானிக்க வேண்டும். ஒன்று: வயலில் தனித்தனியே மிதிக்கும் இரு பிறேக் மிதிகளையும் வீதிக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும், இல்லையெனில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து யந்திரம் குறுக்கே சுழலும். இரண்டு: பெட்டியைத் தாழ்ந்த இழுகொக்கியில் மட்டுமே பூட்ட வேண்டும், உயரமான இடத்தில் பூட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் எழுந்து யந்திரம் பின்புறம் கவிழும். மூன்று: பிறேக் இல்லாத பெட்டியாயின், அதன் மொத்தப் பாரம் யந்திரத்தின் நிறையைத் தாண்டலாகாது. தாண்டினால் இறக்கத்து வளைவில் பெட்டி யந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும்.

வயல் வேலைக்கும் சிறு தூர இழுவைக்கும் ஒரே யந்திரம் வேண்டும் கூட்டுக் கமக்காரருக்கு இதுவே சிறந்தது. கண்டிக்கோ தம்புள்ளைக்கோ சந்தை செல்வதற்கு இது ஏற்றதன்று, வேகம் போதாது.

(இ) கெப் வண்டியும் ஜீப்பும்

கார் அல்லது யந்திரம் ஏற்றிய தட்டை நெடுந்தூரம் இழுப்பதற்கு இவையே பொருத்தமானவை. உறுதியான சட்டகத்தின்மேல் அமைந்தவையாகவும், டீசல் எஞ்சின் உள்ளவையாகவும், நாற்சக்கரமும் இழுக்கக் கூடியவையாகவும் இருத்தல் நன்று. நாற்சக்கர இழுவையும் தாழ்நிலைக் கியரும் நனைந்த தோட்டப் பாதையிற் பேருதவி செய்யும். ஆனால் நடுவில் சமன்செய் கியர் இல்லாத வண்டிகளில், காய்ந்த தார் வீதியின் வளைவுகளில் நாற்சக்கர இழுவையை விடுவித்துவிட வேண்டும். இன்றேல் கியர்ப் பெட்டி இறுகிப் பழுதாகும்.

(ஈ) காரும் வேனும்

முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பெட்டியின் முன்பாரத்தால் பின்னே தாழ்ந்து, முன்சக்கரப் பிடியை இழக்கும். ஏற்றத்தில் இக்குறை இரட்டிப்பாகும். இவற்றை இலேசான பெட்டிக்கு மட்டும் உபயோகிக்கலாம். கார் ஏற்றிய தட்டுக்கு உபயோகிக்கலாகாது. பின்சக்கரம் இழுக்கும் வேன்கள் இதனிலும் சிறந்தவையே. ஆயினும் உற்பத்தியாளர் குறித்த எல்லையைப் பார்த்தே பூட்ட வேண்டும்.

(உ) முச்சக்கர வண்டி

இதில் எவ்வகைப் பெட்டியையும் பூட்டலாகாது. இது பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

7. பெட்டியும் பூட்டும்

நல்ல வண்டியைத் தெரிந்தெடுத்தும் பெட்டி குறைபாடுடையதாயின் பயனில்லை. மலைப்பாதையில் 750 கிலோவுக்கு மேற்பட்ட மொத்தப் பாரமுள்ள பெட்டிக்குத் தனிப் பிறேக் இருக்கவேண்டும் என்பது நமது ஆலோசனை. பூட்டுமுளைக்குக் கழன்றுவிடாத ஊசிப்பூட்டு இருத்தல் வேண்டும். கம்பித் துண்டால் முறுக்கி வைத்தல் கூடாது. ஏர்க்காலுக்கும் வண்டிக்கும் இடையில் இரு காப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி வைத்தால், முளை முறிந்தாலும் ஏர்க்கால் நிலத்தில் குத்தாது.

மாட்டு வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவது போலவே இங்கும் ஏற்ற வேண்டும். பின்பாரம் மிகுந்தால் பெட்டி பாம்புபோல் நெளியும். வண்டியின் பின்சக்கரங்களைத் தூக்கும். முன்பாரம் மிகுந்தால் வண்டியின் முன்சக்கரம் இலேசாகித் திருப்பம் கெடும். கெப், ஜீப் போன்றவற்றுக்கு, பெட்டியின் மொத்தப் பாரத்தில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை முன்பாரமாக விழுவது நன்று. 1,500 கிலோத் தட்டுக்கு இது 75 முதல் 150 கிலோ வரையாகும். தராசொன்றை ஏர்க்கால் நுனியின் கீழ் வைத்து இதனை நிறுத்துக்கொள்ளலாம். இவ்விடத்தில் வண்டியின் கைந்நூல் கூறும் எல்லையே முடிவானது.

காரையோ நான்கு சக்கர யந்திரத்தையோ தட்டில் ஏற்றும்போது, சமநிலத்தில் வைத்து, வண்டியிற் பூட்டிய பின்னரே ஏற்றுக. எஞ்சின் முன்புறம் இருக்கும் காரை முன்முகமாக ஏற்றி, அதன் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே விழுமாறு நிறுத்துக. கைப்பிறேக்கை இட்டு, கியரில் விட்டு, நான்கு சக்கரங்களுக்கும் தடைக்கட்டை வைத்து, நான்கு மூலைகளிலும் இறுக்குப் பட்டியால் கட்டுக. தேங்காய்க் கயிறும் வாழைநாரும் இவ்வேலைக்கு உதவா. ஒரு மைல் சென்றதும் நிறுத்தி, பட்டிகள் தளர்ந்தனவா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

8. ஓட்டுவோர் கவனத்துக்கு

இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றுக. இறக்கத்தின் நடுவே மாற்ற முயலற்க. பிறேக்கை இடைவிடாது மிதித்திராமல், உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் விடுக. எரிந்த வாடை வந்தால் தாமதியாது மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, தடைக்கட்டை வைத்து, ஆறவிடுக. சூடேறிய சக்கரத்தில் நீர் ஊற்றலாகாது, இரும்பு வெடிக்கும்.

கொண்டையூசி வளைவுகளில் பெட்டி உட்பக்கம் வெட்டிச் செல்லும். ஆகவே எதிரில் வண்டி இல்லை என்று கண்டபின் அகலமாக எடுத்துத் திரும்புக. பனிமூட்டம் மிகுந்த மாதங்களில் பெட்டியின் பின்விளக்குகளும் சிவப்பு ஒளிதெறிப்பானும் சாக்கால் மறையாதிருத்தல் வேண்டும். பிறேக் முற்றாகத் தவறிவிட்டால் பள்ளத்துப் பக்கம் போகாது, மலைப்பக்கக் கானிலும் மண் திட்டிலும் உரசி நிறுத்துக. வண்டி கெடட்டும், ஆள் பிழைக்கட்டும்.

பெட்டியில் ஆட்களை, முக்கியமாகப் பெண்களையும் பிள்ளைகளையும், மூடைகளின்மேல் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைக் கைவிடுக. கொழுந்தும் கிழங்கும் போனால் அடுத்த போகம் வரும்.

9. வாங்குமுன்

பாரமான தட்டை வருடத்தில் நாலைந்து தடவைதான் இழுக்க வேண்டியிருக்கும் எனின், அதற்கென ஒரு பெரிய வண்டியை வாங்குதல் சிக்கனமன்று. அந்நாட்களுக்கு லொறியொன்றை வாடகைக்கு அமர்த்துக. வாரந்தோறும் இழுப்பவராயின், ஐந்தாறு கமக்காரர் கூடி ஒரு நல்ல வண்டியை வாங்குவதே மேல். தனித்தனியே வாங்கிய நாலு பழைய வண்டிகளைவிட, கூட்டாக வாங்கிய ஒரு நல்ல வண்டி நெடுநாள் உழைக்கும்.

பழைய வண்டியை வாங்குவோர் அதனைச் சமநிலத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையலாகாது. தமது பெட்டியைப் பூட்டி, பாதிப் பாரம் ஏற்றி, தமது பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றியும், நிறுத்தியும், மறுபடி கிளப்பியும், இறக்கியும் பார்க்க வேண்டும். விற்பவர் இதற்கு இணங்கவில்லையாயின் அந்த வண்டியை விட்டுவிடுக.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வீதியிற் செல்லும் வண்டிகளின் பதிவையும் ஓட்டுநரின் அனுமதிப்பத்திரத்தையும் ஒழுங்கு செய்கின்றது. பெட்டிக்கும் பதிவு வேண்டும்; ஓட்டுபவரிடம் அவ்வகை வண்டிக்கு உரிய அனுமதிப்பத்திரமும் வேண்டும். காப்புறுதிப் பத்திரம் பெட்டி பூட்டிய நிலையிலும் செல்லுபடியாகுமா என்று முன்னரே கேட்டறிக.

10. சுருக்கம்

• பாரத்தை நிறுத்தறிக, ஊகிக்கற்க.
• சரிவைப் பலகையால் அளந்தறிக.
• எஞ்சின் வலுவுக்கு முன் பிறேக்கையும் வண்டியின் நிறையையும் பார்க்க.
• 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டிக்குத் தனிப் பிறேக் வைக்க.
• இரு சக்கர யந்திரத்தில் இறங்கும்போது பக்கக் கிளச்சைத் தொடற்க.
• ஏறிய கியரிலேயே இறங்குக.
• பெட்டியில் ஆட்களை ஏற்றற்க.

இக்கணக்குகளைச் செய்ய ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் அரைமணி நேரமும் போதும். உங்கள் பாதை, பெட்டி, வண்டி ஆகியவற்றின் அளவுகளை எழுதிக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வருவீர்களாயின், அவர் உங்களுடன் இருந்து கணக்கிட்டுப் பார்த்து ஆலோசனை கூறுவார். வீட்டில் யந்திரம் ஓட்டும் இளைஞர் இருப்பின் அவரையும் உடன் அழைத்து வருக.